‘அண்டா’வின் தற்போதைய நிலை

மென்பொருள் எழுதத் தெரிந்தவர்கள் உலகில் லட்சக்கணக்கில் இருக்கலாம். ஆனால் ஒரு மென்பொருள் எந்த நிலையில் இருக்கிறது என்பதைக் கூட்டம் கூட்டி, முன்மொழிந்து, வழிமொழிந்து, ஏகமனதாகத் தீர்மானிக்கத் தெரிந்த ஊர் இந்தப் பூமியில் ஒன்றுதான். அது திண்டுக்கல். இதைச் சொல்வதில் எனக்குத் தயக்கமே இல்லை. அந்தத் தீர்மானங்களைக் கைப்பட எழுதியவன் நான்.

என் பெயர் இருதயநாதன். ஓர் அரசு அலுவலகத்தில் முப்பத்து நான்கு ஆண்டுகள் கோப்பு எழுதி ஓய்வு பெற்றவன். ‘பரிசீலனையில் உள்ளது’ என்ற இரண்டே சொற்களால் ஓர் ஆளைப் பதினோரு வருஷம் நடக்க வைத்திருக்கிறேன். இப்பேர்ப்பட்ட திறமை ஓய்வூதியத்தோடு முடங்கிவிடக் கூடாது என்றுதான் ‘அண்டா மென்பொருள் வளர்ச்சி, பரப்புரை மற்றும் வரவேற்புக் குழு’ என்னைத் தகவல் தொடர்புச் செயலாளராக நியமித்தது.

அண்டா என்பது விருந்துக் கணக்கு போடும் மென்பொருள். எத்தனை பேர் என்று சொன்னால் போதும். அரிசி எவ்வளவு, கறி எவ்வளவு, இஞ்சி, பூண்டு, தயிர் எவ்வளவு என்று கிராம் சுத்தமாகச் சொல்லிவிடும். எழுதியவள் பேகம்பூர் ரஃபியா. இருபத்தாறு வயது. பெங்களூர்க் கம்பெனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தபடியே வேலை பார்க்கிறாள். மிச்ச நேரத்தில் இதை எழுதியிருக்கிறாள். போதாக்குறைக்கு இது ‘கட்டற்ற மென்பொருள்’ என்று வேறு அறிவித்துவிட்டாள். அதாவது யார் வேண்டுமானாலும் எடுக்கலாம், திறந்து பார்க்கலாம், மாற்றலாம், பத்துப் பைசா தர வேண்டியதில்லை. ஊருக்குள் இப்படி ஒரு பொருள் கேட்பாரற்றுக் கிடந்தால் நான்கு பெரிய மனிதர்கள் கூடிக் குழு அமைக்காமல் வேறு என்ன செய்வார்கள்?

குழுவில் பதினொரு பேர். தலைவர் தோல் வியாபாரி முகமது பாரூக். கம்ப்யூட்டர் தெரிந்தவர் ஒருவரும் குழுவில் இல்லை; பாரபட்சம் வந்துவிடக் கூடாதல்லவா? ரஃபியாவைச் ‘சிறப்பு அழைப்பாளர்’ ஆக்கினோம். வாசலுக்குப் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியும் கொடுத்தோம்.

அவள் ஏற்கெனவே ஓர் இணையதளம் வைத்திருந்தாள். வெள்ளைப் பக்கம். படம் இல்லை, பூ இல்லை, ஒரு வணக்கம்கூட இல்லை. நான்கே வரிகள்:

‘பதிப்பு 0.1. தொடக்கக் கட்டம், இன்னும் முடியவில்லை.
ஆள் கணக்கு ஓரளவு சரியாக வரும்.
சஹன் கணக்கு வேலை செய்யாது. பொத்தான் மட்டும்தான் இருக்கிறது.
நிஜ விருந்துக்கு இப்போதைக்கு இதை நம்ப வேண்டாம்.’

சஹன் என்பது பெரிய தட்டு. அதைச் சுற்றி நான்கு பேர் உட்கார்ந்து ஒரே தட்டில் சேர்ந்து சாப்பிடுவார்கள். கடற்கரைப் பக்கத்து முஸ்லிம் வீடுகளில் விருந்துக்கு வருகிறவர்களைத் தலை எண்ணிச் சொல்வதில்லை, சஹன் எண்ணித்தான் சொல்வார்கள். நூறு சஹன் என்றால் நானூறு பேர். ஆனால் ரஃபியாவின் மென்பொருளில் அந்தப் பொத்தானை அமுக்கி நூறு என்று போட்டால் நூறே நூறு பேருக்குத்தான் அரிசி சொல்லும். நான்கால் பெருக்குகிற வேலையை அவள் இன்னும் எழுதவில்லை. சில வீடுகளில் சஹனுக்கு மூன்று பேர், சில வீடுகளில் ஐந்து பேர் என்பதால் விசாரித்துவிட்டு எழுதலாம் என்று வைத்திருந்தாளாம். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு எதையும் விசாரிக்காமல் செய்யத் தெரிவதில்லை.

முதல் கூட்டம் தலைவரின் தோல் கிட்டங்கி மாடியில் நடந்தது. மூக்கைப் பொத்திக்கொண்டு எல்லோரும் அந்த நான்கு வரிகளைப் படித்தோம்.

“என்னம்மா இது, எழவுச் சேதி மாதிரி இருக்கு?” என்றார் தலைவர்.

“இதான் மாமா இப்ப நிலைமை. ஆரம்பத்துல இருக்குற ப்ராஜெக்ட்டுன்னா அதை வெளிப்படையாச் சொல்லணும். எதை நம்பலாம், எதை நம்பக் கூடாதுன்னு எடுத்துப் பயன்படுத்துறவங்களுக்குத் தெரியணும்ல?”

“நம்ப வேண்டாம்னு போர்டு போட்டு எவனாச்சும் கடை தெறப்பானா?”

“இது கடை இல்ல மாமா.”

“கடை இல்லேன்னா வெப்சைட்டு எதுக்கு?”

அவள் தன் நாற்காலியில் போய் உட்கார்ந்தாள். ‘சிறப்பு அழைப்பாளர் ஏற்றுக்கொண்டார்’ என்று நான் குறிப்பேட்டில் எழுதினேன்.

அடுத்து பதிப்பு எண். இதை எடுத்துக்கொண்டவர் கிளெமென்ட். ஃபிளெக்ஸ் பேனர் அச்சடிக்கும் கடை வைத்திருப்பவர். அந்தத் தகுதியிலேயே எங்கள் இணையதள வடிவமைப்பாளரும் ஆனவர்.

“சைபர்ல ஆரம்பிச்சா வெளங்குமா? மொய் எழுதுறப்ப எவனாச்சும் சைபர்னு எழுதுவானா? நூறு, அதோட ஒண்ணு. அதான் மரியாதை.”

“அண்ணே, பதிப்பு எண்ணுங்குறது மொய் இல்ல. சைபர்னா இன்னும் முழுசா வரலைன்னு அர்த்தம்.”

“அதைத்தாம்மா நானும் சொல்றேன். முழுசா வரலைன்னு ஊருக்கே தெரிஞ்சுறும்ல?”

கைகள் உயர்ந்தன. 0.1 என்பது ஒரே நிமிடத்தில் 101 ஆயிற்று. உலகத்தின் பெரிய பெரிய நிறுவனங்கள் பல்லாண்டு பாடுபட்டும் தொட முடியாத எண் இது.

“சரி, எம்புட்டு சதவீதம் முடிஞ்சிருக்கு?” என்றார் தலைவர்.

“சதவீதமாச் சொல்ல முடியாது மாமா.”

“சும்மா சொல்லும்மா, உள்ளுக்குள்ளதானே.”

“நாப்பது இருக்கும்.”

ஓர் உறுப்பினர் அறுபது என்று முன்மொழிந்தார். இன்னொருவர் எழுபத்தைந்து என்று திருத்தம் கொண்டுவந்தார். பொருளாளர் தம் பங்குக்குப் பத்து சேர்த்தார். பேசாமல் இருந்தால் தப்பாக நினைப்பார்களே என்று துணைத் தலைவர் ஒரு பதின்மூன்று சேர்த்தார். தொண்ணூற்றெட்டில் வந்து நின்றது. மிச்சம் இரண்டைத் தன்னடக்கத்துக்காக விட்டுவைத்தோம்.

கடைசியில் அந்தச் சஹன் வரி. தலைவர் குரலைத் தாழ்த்தினார். “விருந்து விஷயத்துல இல்ல, பத்தாது, ஓடாதுன்னு வாயில வரக் கூடாதும்மா. வீட்டுல அரிசி தீந்தாக்கூட நாம தீந்துபோச்சுன்னு சொல்றதில்ல. சார், நீங்க பக்குவமா எழுதிக் குடுங்க.”

‘சஹன் வசதியும் உண்டு’ என்று எழுதிக் கொடுத்தேன். பொத்தான் இருக்கிறதல்லவா? நாளைக்கு யாராவது வழக்குப் போட்டால்கூட நிற்கும். கூடவே என் சொந்தக் கற்பனையில் ஒரு வரியும் சேர்த்தேன்: ‘சமையல் மாஸ்டர்கள் எப்போதும் கூடுதலாகத்தான் கேட்பார்கள். அண்டா அதைத் திருத்தும்.’ அதற்கு மட்டும் தனியாகக் கைதட்டினார்கள்.

கிளெமென்ட் இரண்டே நாளில் தளத்தைத் தயாரித்துவிட்டார். பின்னால் மலைக்கோட்டை, மேலே இரண்டு புறா, நடுவில் செல்போனைக் காதில் வைத்தபடி தலைவர், சுற்றிலும் நாங்கள் பத்துப் பேர். ரஃபியா கெஞ்சிக் கேட்டதால் அவளுடைய நான்கு வரிகளும் அடியில் ஓடும் எழுத்தாகப் போட்டோம். ஜனநாயகம் என்றால் மாற்றுக் கருத்துக்கும் இடம் வேண்டும். செல்போனில் பார்த்தால் அந்த வரிகள் ‘தொடர்புக்கு’ என்ற பச்சைப் பட்டனுக்குப் பின்னால் ஓடிவிடும். பச்சைப் பட்டனில் இருந்தது என் நம்பர்.

தொடக்க விழாவில் மடிக்கணினிக்கு ரிப்பன் கட்டியிருந்தோம். தலைவர் ரிப்பனோடு சேர்த்து மவுஸ் வயரையும் வெட்டினார். கைதட்டல் அடங்கியதும் சைக்கிள் கடை மன்சூர் மேடைக்கு வந்து மைக்கை வாங்கினார். அவருக்கு மேடை பழக்கமில்லை. மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

“எம் மக அஃப்சானாவுக்கு அடுத்த மாசம் பத்தொம்போதாந் தேதி நிக்காஹ். ஒரே பொண்ணு. மாப்ள வீடு கடற்கரைப் பக்கம், பெரிய குடும்பம். சாப்பாட்டுல ஒரு சொல்லு வந்துறக் கூடாதேன்னு ஒரு மாசமாத் தூக்கமில்ல. இப்பத்தான் தெம்பு வந்துச்சு. நம்ம கல்யாணத்துக்கு அண்டாவுலதான் கணக்கு!”

எங்களுக்குப் புல்லரித்துவிட்டது. ரஃபியா மட்டும் நாற்காலியைத் தள்ளிவிட்டு, கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஓடி வந்தாள்.

“மாமா, சஹன் பட்டனை அமுக்கீறாதீங்க. அது இன்னும் ஓடாது. நூறு சஹன்னு போட்டா நூறு பேருக்குத்தான் அரிசி காட்டும்.”

மன்சூர் பக்கத்தில் நின்ற என்னைப் பார்த்தார். “என்ன சார், புள்ள இப்புடிச் சொல்லுது? வெப்சைட்ல தொண்ணூத்தெட்டுன்னு போட்டுருக்கே?”

ஒரு பக்கம் பதினொரு பேர் புகைப்படத்தோடு சொல்கிறார்கள். இன்னொரு பக்கம் அதை எழுதிய பெண் வெறும் வாயால் சொல்கிறாள். எது ஆதாரம் என்று நானா சொல்ல வேண்டும்?

“சின்னப் புள்ள. தன்னடக்கம்,” என்றேன்.

“அதானே பார்த்தேன்,” என்று மன்சூர் சிரித்தார். அவள் தலையைத் தொட்டு வாழ்த்திவிட்டுப் போனார்.

அன்றைக்கே ரஃபியா ஒரு துரோகம் செய்தாள். மென்பொருளிலிருந்து அந்தச் சஹன் பொத்தானையே எடுத்துவிட்டாள். மறுநாள் அவசரக் கூட்டம்.

“நேத்து ஆறு பட்டன், இன்னைக்கு அஞ்சு. இது வளர்ச்சியா, தேய்மானமா?” என்று கிளெமென்ட் குமுறினார். கேள்வி நியாயமானது. தொண்ணூற்றெட்டு சதவீதம் என்று அறிவித்த பிறகு ஒரு பொருள் சிறுத்துக்கொண்டே போனால் ஊர் என்ன பேசும்? யார் வேண்டுமானாலும் எடுத்து மாற்றலாம் என்று அவளே உரிமை கொடுத்திருக்கிறாள். அந்த உரிமையைப் பயன்படுத்தி, கிளெமென்ட் பழைய பிரதியைத் தேடி எடுத்துத் தளத்தில் ஏற்றி, கடவுச்சொல்லையும் மாற்றிவிட்டார். கட்டற்ற சுதந்திரத்தின் அருமை எனக்கு அன்றுதான் புரிந்தது.

கூட்டம் முடிந்து படியிறங்கும்போது அவள் என்னை நிறுத்தினாள். கண் கலங்கியிருந்தது.

“சார், மன்சூர் மாமா நான் சொன்னா நம்ப மாட்டேங்குறாரு. நேத்து ராத்திரி ஒரு தடவை, இன்னைக்குக் காலையில ஒரு தடவை வீட்டுக்குப் போயிட்டேன். டீ குடுத்து அனுப்புறாரு. நீங்க ஒரு வார்த்தை சொன்னா நம்பிருவாரு. சொல்லுங்க சார்.”

“ஆவன செய்யப்படும்மா,” என்றேன்.

முப்பத்து நான்கு வருஷச் சர்வீஸில் அந்த வாசகத்தை எத்தனையோ பேருக்குச் சொல்லியிருக்கிறேன். அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும்.

பத்தொன்பதாம் தேதி காலை ஏழு மணிக்கு என் செல்போன் அடித்தது. பச்சைப் பட்டனை அமுக்கிக் கூப்பிட்டவர் அல் அமீன். கல்யாணத்துக்குச் சமைக்க வந்த பிரியாணி மாஸ்டர்.

“சார், வெப்சைட்டு சாரா? அரிசி அறுவது கிலோதான் ஊறப் போடணும்னு மன்சூர் அண்ணன் ஒரு சீட்டைக் காட்டுறாரு. பொண்ணு வீட்டாளுக ஐநூறு பேரு. மாப்ள வீடு நூறு சஹன், அது நானூறு பேரு. ஆகமொத்தம் தொள்ளாயிரம். அறுவது கிலோ எப்புடி சார் பத்தும்? தொண்ணூறு கிலோவாச்சும் வேணும். அண்ணன்கிட்டச் சொன்னா, ‘மாஸ்டருக கூடத்தான் கேப்பாங்கன்னு எழுதியே போட்டுருக்கான், சார்கிட்டக் கேளு’ங்குறாரு.”

பத்துப் பேருக்கு ஒரு கிலோ; அண்டா நூறு சஹனை நூறு பேராக எண்ணியிருந்தது, அவர் மனக்கணக்கிலேயே சரியாகச் சொல்லிவிட்டார். இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு, அடுப்புக்குப் பக்கத்தில் நின்று சொல்கிறார். அரிசிக் கடைகள் திறக்கிற நேரம்தான். இன்னும் முப்பது கிலோ வாங்கிப் போட்டிருந்தால் முடிந்துபோயிருக்கும். ‘ஆமாம்ப்பா, அந்தப் பொத்தான் வேலை செய்யாது’ என்று நான் ஐந்து வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்வதற்கு வாயும் எடுத்தேன். ஆனால் தீர்மானம் நிறைவேறியிருக்கிறது. குறிப்பேட்டில் என் கையெழுத்து இருக்கிறது. தீர்மானத்துக்கு மாறாகப் பேசும் அதிகாரம் ஒரு செயலாளருக்கு எந்த விதியில் இருக்கிறது?

“தம்பி, நீங்க எத்தனை வருஷமாச் சமைக்கிறீங்க?”

“இருவத்திரண்டு வருஷமா சார்.”

“இது பதிப்பு நூத்தி ஒண்ணு.”

“சரிங்க சார்,” என்று வைத்துவிட்டார்.

நிக்காஹ் சிறப்பாக நடந்தது. முதல் பந்தியும் குறைவில்லாமல் போயிற்று. நானும் அதில்தான் சாப்பிட்டேன். அல் அமீன் கைப்பக்குவம் அபாரம். இரண்டாம் பந்தியில் மாப்பிள்ளை வீட்டார் மிச்சம் நாற்பது சஹனுக்கு வட்டம் வட்டமாக உட்கார்ந்தார்கள். பதினைந்தாவது சஹன் போகும்போது தேக்சாவின் அடியைக் கரண்டி சுரண்டுகிற சத்தம் கூடம்வரை கேட்டது.

திண்டுக்கல்லில், ஒரு கல்யாண மண்டபத்தில், பகல் ஒன்றரை மணிக்குப் பிரியாணி தீர்ந்துவிட்டது. வேறு ஊர் என்றால் சாப்பாட்டுக் குறை. எங்கள் ஊரில் இது மானக்கேடு.

மன்சூர் தன் பக்கத்தில் இன்னும் சாப்பிடாமல் இருந்த இருநூறு பேரையும் வெளியே போய் நிற்கச் சொன்னார். நான்கு பையன்களை நான்கு கடைக்குப் பார்சல் வாங்க விரட்டினார். காலியான தட்டைச் சுற்றி உட்கார்ந்திருந்தவர்களிடம் ஒவ்வொரு வட்டமாகக் குனிந்து, “செத்த நேரம்ங்க, இந்தா வந்துருச்சு, செத்த நேரம்,” என்று சொல்லிக்கொண்டே போனார். பார்சல்கள் வந்தன. நான்கு கடைச் சோறும் நான்கு நிறத்தில் தட்டில் விழுந்தது. அவித்த முட்டை ஒரு தட்டில் இருந்தது, அடுத்த தட்டில் இல்லை. தொட்டுக்கொள்ள வந்த வெஞ்சனம் ஆறிப்போயிருந்தது. மாப்பிள்ளையின் பெரியத்தா, அதாவது பெரியப்பா, தட்டைத் தொடாமல் எழுந்து கை கழுவினார்.

“பரவால்ல சம்பந்தி. எங்களுக்கு வயிறு நிறைஞ்சுருச்சு.”

அவர் சத்தம் போட்டிருந்தால்கூட மன்சூர் தாங்கியிருப்பார். அவர் பின்னாலேயே வண்டிவரை ஓடினார். செருப்பைக்கூடப் போடவில்லை. அஃப்சானா மாடி ஜன்னலிலிருந்து தன் அத்தா ஓடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பிள்ளையும் அன்று சாப்பிடவில்லை. பிரியாணி கொஞ்சம் அதிகமாகிவிட்டது போலும் என்று சோடா வாங்கிக் குடித்தேன்.

கைகழுவுமிடத்தில் அல் அமீன் என்னைத் தாண்டிப் போனார். முகத்தைப் பார்க்காமலே கேட்டார்: “எங்க சார் உங்க நூத்தி ஒண்ணு?”

மறுநாள் கூடிய குழு மூன்று தீர்மானங்களை நிறைவேற்றியது. ஒன்று, மணமக்களுக்கு வாழ்த்து. இரண்டு, மென்பொருளின் குறையைத் தெரிந்திருந்தும் அதை ‘உரிய முறையில்’ எடுத்துச் சொல்லாத சிறப்பு அழைப்பாளருக்குக் கண்டனம். ரஃபியா பிளாஸ்டிக் நாற்காலியைச் சுவரோரம் தள்ளிப் போட்டுவிட்டுப் போய்விட்டாள். மூன்றாவது, தளத்தில் ‘வெற்றிக்கதை’ என்று ஒரு புதிய பகுதி.

“தொள்ளாயிரம் பேர் வந்த கல்யாணம். நம்ம பேரு வராம விட்றலாமா?” என்றார் தலைவர். நான் எழுதிக் கொடுத்தேன்: ‘தொள்ளாயிரம் விருந்தினர். வீணான உணவு: பூஜ்யம்.’ சைபர் என்றாலே முகம் சுளிக்கும் கிளெமென்ட் இதற்கு மட்டும் மறுப்பு சொல்லவில்லை.

சாயங்காலமே மன்சூர் கூப்பிட்டார். திட்டப்போகிறார் என்று தயாராகத்தான் எடுத்தேன். ‘தொழில்நுட்பக் காரணங்களால்’ என்று தொடங்கும் ஒரு பதிலை எழுதிக் கையிலேயே வைத்திருந்தேன். அவர் திட்டவில்லை.

“சார், ரஃபியா வீட்டுக்கு வந்து அழுதுச்சு. தன் தப்புங்குது. அதைச் சமாதானப்படுத்தணும், அதுக்காகக் கேக்குறேன். நேத்துக் காலையில மாஸ்டரு போன் போட்டப்ப, அந்தப் பட்டன் ஓடாதுன்னு உங்களுக்குத் தெரியுமா தெரியாதா?”

கையிலிருந்த காகிதத்தைப் பார்த்தேன். அதில் இந்தக் கேள்விக்குப் பதில் இல்லை.

“தெரியும்,” என்றேன்.

அதற்கு அவர் இரண்டு வாக்கியம் சொல்லிவிட்டு வைத்துவிட்டார். அண்டா மென்பொருளைப் பற்றி அதைப் பயன்படுத்திய ஒருவர் சொன்ன முதல் கருத்து அது. தலைவரிடம் சொன்னேன். அவருக்கு ஒரே சந்தோஷம். உடனே தளத்தில் ஏற்றச் சொன்னார். இன்று காலை ஏற்றிவிட்டோம். நீங்களும் போய்ப் பார்க்கலாம். புறாக்களுக்குக் கீழே, பெரிய எழுத்தில் இருக்கிறது:

‘மிசின்ல ஒரு கோளாறும் இல்ல.’ – மன்சூர், மணமகளின் தந்தை.

இரண்டாவது வாக்கியத்தை இடமின்மை காரணமாக நான் நீக்கிவிட்டேன். ஆவணத்தில் இல்லாவிட்டாலும் அது என் காதில் அப்படியே இருக்கிறது: “கோளாறு பூரா உங்ககிட்டத்தான் சார்.”